யூஎஸ்பி கருவியைத் தொட யாருக்கு அனுமதி?

லினக்ஸ் கணினியில் ஒரு ஸ்கேனரையோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டையோ செருகுகிறீர்கள். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைத் தட்டினால் பட்டியலில் அதன் பெயர் வந்துவிடுகிறது. கேபிளில் பழுது இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் கருவி தெரிந்திருக்கிறது. ஆனால் அதற்கான மென்பொருளைத் திறந்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நின்றுவிடுகிறது. அதே கட்டளைக்கு முன்னால், ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தைத் தரும் சூடோ போட்டு ஓட்டினால் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் வேலை செய்கிறது.

இந்த இடத்தில் இணையத்தில் தேடினால் கிடைக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: கருவிகளின் உரிமைகளை அமைக்கும் யூடெவ் என்ற நிரலுக்கு விதிக் கோப்பு ஒன்றை உருவாக்கு, அதில் 0666 என்று எழுது, கருவியைக் கழற்றி மாட்டு. வேலை செய்யும். நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிழைச் செய்தி போனால் போதும், அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று யோசித்ததில்லை. 'சாதாரணப் பயனருக்கு அனுமதி' என்று சொல்லும்போது அந்தப் பயனர் யார் என்பதில்தான் முடிச்சே இருக்கிறது என்பது பிற்பாடுதான் புரிந்தது. லினக்ஸில் இந்தக் கேள்விக்கு மூன்று நான்கு பதில்கள் உண்டு. வெவ்வேறு காலத்தில் வந்தவை, பழையது போகாமலே புதியது சேர்ந்துகொண்டவை.

பூட்டு எதற்கு

யூனிக்ஸ் மரபில் கருவியும் ஒரு கோப்புதான். யூஎஸ்பியில் செருகும் ஒவ்வொரு கருவிக்கும் /டெவ்/பஸ்/யூஎஸ்பி அடைவுக்குள் ஒரு கோப்பு முளைக்கிறது. பஸ் எண் அடைவின் பெயர், கருவியின் எண் கோப்பின் பெயர், உதாரணமாக 001/007. அந்தக் கோப்பின் உரிமையாளர் ரூட், குழுவும் ரூட், அனுமதி 0664. அதாவது ரூட் எழுதலாம், படிக்கலாம். மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம்.

படிக்கலாம் என்றால் ஸ்கேனரிலிருந்து படத்தைப் படித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அப்படி இல்லை. இந்தக் கோப்பைப் படித்தால் கிடைப்பது கருவி தன்னைப் பற்றித் தரும் விவரக்குறிப்பு மட்டும்: யார் தயாரித்தது, என்ன வகை, எத்தனை வாசல்கள் என்பது போல. கருவியோடு உண்மையில் பேச வேண்டுமானால், அது தரவை வாங்குவதாகவே இருந்தாலும், கோப்பை எழுதும் உரிமையோடு திறந்திருக்க வேண்டும் என்று கெர்னல் கேட்கிறது. லிப்யூஎஸ்பி போன்ற லைப்ரரிகள் அந்த உரிமையோடு திறக்கப் பார்த்து, முடியாமல், -3 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தருகின்றன. பெயர் தெரிகிறது, பேச முடியவில்லை என்ற விசித்திரமான நிலைக்குக் காரணம் இதுதான்.

கெர்னல் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்ய வேண்டும்? இந்தக் கோப்பின் வழியாகப் போகிறவர் டிரைவர்களுக்கும் கீழே போய்விடுகிறார் என்பதால். ஒரு பென் டிரைவை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள கோப்புகளுக்கு நீங்கள் எவ்வளவு கவனமாக உரிமைகளை அமைத்திருந்தாலும், அந்த பென் டிரைவின் யூஎஸ்பி கோப்பில் எழுதும் உரிமை பெற்ற நிரல் ஒன்று சேமிப்பக டிரைவரைக் கழற்றிவிட்டு, தானே நேரடியாகக் கட்டளை அனுப்பி எந்தப் பகுதியையும் படிக்கலாம், அழிக்கலாம். கோப்பு முறைமை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரிய வேண்டியதில்லை. விசைப்பலகையின் கோப்பு திறந்திருந்தால் இன்னும் மோசம்: டிரைவரை விலக்கிவிட்டு, தட்டப்படும் ஒவ்வொரு விசையையும் தானே வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல். 2014-இல் பிளாக் ஹேட் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பென் டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் ஃபர்ம்வேரையே மாற்றி எழுதி, அதை விசைப்பலகை போல நடிக்க வைக்க முடியும் என்று காட்டினார்கள். பேட்யூஎஸ்பி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்ட மாற்றத்தைச் செய்யும் கட்டளைகளும் இதே கோப்பின் வழியாகப் போகலாம். ஆகவே 'மற்றவர்களுக்கும் எழுதும் உரிமை' என்பது கருவியை இன்று பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமல்ல. நாளைக்கு அந்தக் கருவி என்னவாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அனுமதியும் கூட.

சரி, அப்படியானால் நாம் தினமும் செருகும் மவுஸுக்கும் பென் டிரைவுக்கும் ஏன் இந்தத் தொல்லை வருவதில்லை? ஏனென்றால் அவற்றோடு எந்த நிரலும் நேரடியாகப் பேசுவதில்லை. மவுஸ் அசைவு கெர்னல் டிரைவரிடம் போய், திரையை நிர்வகிக்கும் நிரல் வழியாக நம் செயலிக்கு வருகிறது. அச்சுப்பொறிக்கு கப்ஸ் என்ற சேவை இடையில் நிற்கிறது. டிரைவர் வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லும் நிரல்களுக்குத்தான் தடை: ஸ்கேனர் மென்பொருள், சில்லில் நிரல் ஏற்றும் கருவிகள், லாஜிக் அனலைசர், மென்பொருள் ரேடியோ, ஆண்ட்ராய்டு பிழைதிருத்தி, இப்படி.

சூடோவையே வழக்கமாக்கிக்கொள்வது தீர்வாகாது. பூட்டைத் திறப்பதற்காக வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது அது. எங்கிருந்தோ இறக்கிய ஒரு வரைகலைச் செயலி முழு ரூட் அதிகாரத்தோடு ஓடும். போகிற போக்கில் உங்கள் சொந்த அடைவுக்குள் ரூட் பெயரில் அமைப்புக் கோப்புகளை எழுதிவைக்கும்; அடுத்த முறை சாதாரணமாகத் திறந்தால் அவற்றை மாற்ற முடியாமல் அது வேறு பிழை காட்டும். ஆண்ட்ராய்டு பிழைதிருத்தியை ஒருமுறை சூடோவில் ஓட்டினால் அதன் பின்னணிச் சேவை ரூட்டாகவே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதை நிறுத்தும்வரை நீங்கள் சாதாரணமாக ஓட்டுவதும் அதனிடமே போகும். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். கணினியை மறுதொடக்கம் செய்ததும் பழைய பிழை திரும்பி வரும்.

கோப்பு நிலையானது அல்ல

சூடோ வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்து செய்வது அந்தக் கோப்பின் அனுமதியைக் கையாலேயே மாற்றுவது. ஒருமுறை வேலை செய்யும். கருவியைக் கழற்றினால் கோப்பே மறைந்துவிடும். மறுபடி செருகினால் 007-க்குப் பதில் 008 என்று புதுக் கோப்பு, பழைய அனுமதியோடு. செருகும்போதெல்லாம் பிறக்கும் கோப்பு இது. ஆகவே அனுமதியும் பிறக்கும்போதே கிடைக்க வேண்டும்.

முன்பு இது வேறு விதமாக இருந்தது. 2001-இல் வந்த 2.4 கெர்னல் காலத்தில் இந்தக் கோப்புகள் /பிராக்/பஸ்/யூஎஸ்பி என்ற இடத்தில் இருந்தன. எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து ஒரே அனுமதியை மவுன்ட் செய்யும்போது கொடுக்கலாம். ஸ்கேனருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்றால் செருகும்போது ஓடும் ஷெல் ஸ்கிரிப்டுகளை நம்பியிருக்க வேண்டும். 2003-இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் யூடெவை வெளியிட்டார். கருவி செருகப்பட்டது என்று கெர்னல் செய்தி அனுப்பும். கெர்னலுக்கு வெளியே, பயனர் பரப்பில் ஓடும் யூடெவ் அதைக் கேட்டு, விதிகளைப் பார்த்து, கோப்பின் பெயரையும் உரிமையையும் முடிவு செய்யும். 2009-இல் கெர்னல் 2.6.32-உடன் வந்த டெவ்டிஎம்பிஎஃப்எஸ், கோப்பை உருவாக்கும் வேலையைக் கெர்னலிடமே திரும்பக் கொடுத்தது. உரிமைகளை அமைக்கும் வேலை யூடெவிடம் நின்றது. 2012-இல் யூடெவ், கணினியின் சேவைகளைத் துவக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி திட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

யூடெவ் விதி என்பது ஒரு வரி. வரியின் முதல் பாதி நிபந்தனை, அடுத்த பாதி செயல். 'இது யூஎஸ்பி வகையைச் சேர்ந்ததா, தயாரிப்பாளர் எண் 0403-ஆ, பொருள் எண் 6001-ஆ? அப்படியானால் குழுவை இப்படி வை, அனுமதியை இப்படி வை' என்பதுதான் அதன் முழு இலக்கணமும். நிபந்தனைக்கு இரட்டைச் சமக்குறி, செயலுக்கு ஒற்றைச் சமக்குறி, இருப்பதோடு சேர்க்கக் கூட்டல் போட்ட சமக்குறி. இரட்டை வர வேண்டிய இடத்தில் ஒற்றை போட்டுவிட்டு மணிக்கணக்கில் முழிப்பது எல்லோருக்கும் ஒருமுறை நடப்பது. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது மேற்கோள் குறிகள் வளைந்துபோவது இன்னொன்று. தொகுப்புகள் கொண்டுவரும் விதிகள் /யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ் பக்கம் இருக்கும். நம் சொந்த விதிகளுக்கு இடம் /ஈடிசி/யூடெவ். ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் கோப்பு இருந்தால் ஈடிசியில் இருப்பதே செல்லும்.

அந்த இரண்டு எண்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டும் 16 பிட் எண்கள்; பதினாறடிமான முறையில் நான்கு இலக்கமாக எழுதுவார்கள். தயாரிப்பாளர் எண்ணை யூஎஸ்பி அமைப்பு காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. 2341 என்றால் ஆர்டுயினோ. 0403 என்றால் எஃப்டிடிஐ என்ற சில் நிறுவனம். சொந்தமாக எண் வாங்க வசதியில்லாத திறந்த வன்பொருள் திட்டங்கள் பல 1209 என்ற எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. எஃப்டிடிஐயின் 6001 சில்லை எண்ணற்ற நிறுவனங்கள் தங்கள் பொருளுக்குள் வைத்து விற்கின்றன. ஆகவே 'என் போர்டுக்கு' என்று நினைத்து நீங்கள் எழுதும் விதி, அதே சில் உள்ள எல்லாக் கருவிக்கும் பொருந்தும். இன்னொன்று: இந்த எண்கள் கருவி தானே சொல்லிக்கொள்பவை. எந்தக் கருவியும் எந்த எண்ணையும் சொல்லலாம். அடையாள அட்டை என்று நம்பிவிடக்கூடாது.

எல்லோருக்கும் என்றால் எத்தனை பேர்

இப்போது 0666-க்கு வருவோம். எல்லோரும் எழுதலாம், படிக்கலாம் என்பது பொருள். இங்கே 'எல்லோரும்' என்பது மனிதர்கள் அல்ல. ஒரு சாதாரண லினக்ஸ் கணினியில் மனிதர் ஒருவரே இருந்தாலும் கணக்குகள் டஜன் கணக்கில் இருக்கும்: வலைச் சேவையகத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, எதற்கும் உரிமை இல்லாதது என்று வேண்டுமென்றே உருவாக்கிய 'நோபடி' ஒன்று. சேவைகளை இப்படித் தனித்தனிக் கணக்கில் ஓட்டுவதே, ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் அது வேறு எதையும் தொடக்கூடாது என்பதற்காக. 0666 போட்ட கருவி அந்த ஏற்பாட்டுக்கு வெளியே வந்துவிடுகிறது.

நேர்மையாகச் சொன்னால், ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினியில், தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் குறிப்பிட்ட ஒரு லாஜிக் அனலைசருக்கு 0666 போட்டால் வானம் இடிந்து விழாது. எனக்குக் கவலை தருவது மற்ற இரண்டு வகை. பொருள் எண்ணை விட்டுவிட்டு தயாரிப்பாளர் எண் மட்டும் போடும் விதி ஒன்று. அந்தத் தயாரிப்பாளர் நாளைக்கு என்ன விற்பார் என்று யாருக்குத் தெரியும். இன்னொன்று, எண்ணே இல்லாமல் 'யூஎஸ்பி என்றால் 0666' என்று எழுதிவிடுவது. அப்படி எழுதியவர் தன் விசைப்பலகையையும் வெளி ஹார்ட் டிஸ்கையும் கணினியில் உள்ள எல்லாச் சேவைகளுக்கும் திறந்துவிட்டார். அவருக்கு அது தெரிய வழியே இல்லை, ஏனென்றால் எல்லாம் அருமையாக வேலை செய்யும்.

குழு என்ற பழைய வழி

கருவியின் கோப்பை ஒரு குழுவுக்குக் கொடுத்து, அனுமதியை 0660 ஆக்கி, வேண்டியவர்களை அந்தக் குழுவில் சேர்ப்பது யூனிக்ஸின் இயல்பான முறை. டெபியன் குடும்பத்தில் சீரியல் போர்ட்டுகள் டயல்அவுட் என்ற குழுவைச் சேர்ந்தவை. தொலைபேசி மோடம் வழியாக வெளியே டயல் செய்யும் உரிமை யாருக்கு என்று பார்த்த காலத்துப் பெயர் அது. இன்றைக்கு அதில் சேர்பவர்கள் போர்டில் நிரல் ஏற்றத்தான் சேர்கிறார்கள். ஆர்ச் லினக்ஸில் அதே வேலைக்கு யூயூசிபி என்ற, இன்னும் பழைய பெயர். செருகிக் கழற்றும் கருவிகளுக்கென டெபியனில் பிளக்டெவ் குழுவும் உண்டு.

பெயர்கள் இப்படி ஊருக்கு ஊர் மாறுவதே முதல் சிக்கல். கருவித் தயாரிப்பாளரின் வழிகாட்டியில் பிளக்டெவ் என்று எழுதியிருக்கும்; அதை அப்படியே ஆர்ச்சில் போட்டால் அங்கே அந்தக் குழுவே இருக்காது. யூடெவ் பதிவேட்டில் ஒரு வரி முனகிவிட்டு அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடும். திரையில் எந்தப் பிழையும் தெரியாது.

இரண்டாவது சிக்கலில் மாட்டாதவர்கள் குறைவு. குழுவில் சேர்த்தாகிவிட்டது, ஆனாலும் அனுமதி மறுப்பு. குழுப் பட்டியல் நீங்கள் உள்நுழையும் தருணத்தில் உங்கள் முதல் செயல்முறையோடு ஒட்டப்படுகிறது. பிறகு திறக்கும் டெர்மினலும் செயலியும் அதையே வாரிசாகப் பெறுகின்றன. புதிதாகச் சேர்ந்த குழு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றுக்குத் தெரியாது. வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். வேறொரு அமர்வு எங்காவது திறந்திருந்தால் உங்கள் பெயரில் ஓடும் சிஸ்டம்டி மேலாளர் சாகாமல் இருந்து, அதன் கீழே துவங்கும் செயலிகளுக்குப் பழைய பட்டியலையே கொடுத்துக்கொண்டிருக்கும். 'மறுதொடக்கம் செய்ததும் சரியாயிற்று' என்று பலர் சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். மாயம் ஒன்றும் இல்லை. ஐடி என்ற கட்டளையைத் தட்டினால் இந்த டெர்மினலுக்கு எந்தக் குழுக்கள் தெரியும் என்று காட்டும்.

மூன்றாவது சிக்கல் கொள்கை சார்ந்தது. குழுவுக்கு ஆளைத் தெரியும், ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் குழுவில் இருக்கும் ஒருவர் வேறொரு ஊரிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற தொலை உள்நுழைவு வழியாக நுழைந்து, உங்கள் மேசை மேல் இருக்கும் வெப்கேமைத் திறக்கலாம். குழுவின் கணக்குப்படி அதில் தவறே இல்லை.

முன்னால் உட்கார்ந்திருப்பவர்

யூஎஸ்பி கருவி கையால் செருகப்படுவது. செருகியவர் கணினிக்கு முன்னால்தான் இருப்பார். அவருக்கு மட்டும், அவர் இருக்கும்வரை மட்டும் அனுமதி என்று வைத்தால் என்ன? ரெட் ஹேட்டில் பேம் கன்சோல் என்ற ஏற்பாடு இதைத்தான் செய்தது: நேரடியாக உள்நுழைபவருக்குச் சில கருவிக் கோப்புகளின் உரிமையை மாற்றிக் கொடுத்துவிடும், வெளியேறும்போது பிடுங்கிக்கொள்ளும். பிறகு ஹால், கன்சோல்கிட் என்ற வேறு ஏற்பாடுகளோடு சில வருடங்கள் போயின. இன்று பெரும்பாலான விநியோகங்களில் இந்த வேலையைச் செய்வது 2011-இல் சிஸ்டம்டியோடு வந்த லாகின்டி.

விதியில் அனுமதி எண்ணும் வேண்டாம், குழுவும் வேண்டாம். யூஅக்சஸ் என்ற டேகை, அதாவது அடையாளச் சீட்டை, ஒட்டினால் போதும். லாகின்டியின் கணக்கில் ஒரு திரை, விசைப்பலகை, மவுஸ் சேர்ந்தது ஓர் இருக்கை. அந்த இருக்கையில் இப்போது செயலில் உள்ள பயனரின் பெயர் மட்டும் கோப்பின் அணுகல் பட்டியலில் தனியாகச் சேர்க்கப்படும். எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தால் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரியும். கெட்எஃப்ஏசிஎல் கட்டளை பெயரையும் காட்டும். இன்னொருவர் பயனர் மாற்றம் செய்து அமர்ந்தால் பெயரும் மாறும். எஸ்எஸ்ஹெச்சில் வருபவருக்கு இருக்கை கிடையாது, ஆகவே இந்த அனுமதியும் கிடையாது.

பயனரைத் தற்காலிகமாக ஒரு குழுவில் சேர்த்துவிட்டு, எழுந்து போகும்போது நீக்கிவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். பேம் குரூப் என்ற மாட்யூல் கிட்டத்தட்ட அதைச் செய்கிறது. அதன் கையேடே அதிலுள்ள ஓட்டையைச் சொல்லி எச்சரிக்கிறது. குழுவில் இருக்கும் ஐந்து நிமிடத்தில் ஒருவர் ஷெல்லின் நகல் ஒன்றை எடுத்து, அதை அந்தக் குழுவின் பெயரில் ஓடும் நிரலாக அமைத்து ஒளித்து வைத்துவிட்டால், பிறகு எப்போது வேண்டுமானாலும் அதன் வழியே குழுவுக்குள் நுழைந்துகொள்ளலாம். பெயரை அணுகல் பட்டியலில் எழுதி அழிக்கும்போது இந்தத் தந்திரத்துக்கு இடமில்லை. அலங்காரமாகத் தெரிந்தாலும் காரணத்தோடுதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

இந்த வழியில் எல்லோரும் இடறும் ஒரு கல் உண்டு. யூடெவ் விதிக் கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுகின்றன. அதனால்தான் எல்லாப் பெயரும் எண்ணில் தொடங்கும். யூஅக்சஸ் டேக் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் வேலை 73 என்று தொடங்கும் கோப்பில் நடக்கிறது. நம் விதியை 99 என்று தொடங்கும் கோப்பில் வைத்தால், ரயில் போன பிறகு டிக்கெட் எடுத்த கதை. 'கடைசியில் வந்தால் நம் விதியே வெல்லும்' என்று 99 போடும் பழக்கம் 0666 காலத்தில் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பழக்கத்தில் யூஅக்சஸையும் 99-இல் வைத்து, வேலை செய்யவில்லை என்று 0666-ஐயும் சேர்த்துப் போட்ட கோப்புகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். குழப்பத்தைக் கூட்டுவது என்னவென்றால், 99-இல் வைத்த டேக் சில சமயம் வேலையும் செய்யும். பயனர் உள்நுழையும்போதும் மாறும்போதும் லாகின்டி, டேக் ஒட்டிய எல்லாக் கருவிகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து அனுமதி கொடுக்கிறது. கருவியை முதலிலேயே செருகிவிட்டு உள்நுழைந்தால் திறக்கும். உள்நுழைந்த பிறகு செருகினால் திறக்காது. கேபிளைச் சந்தேகப்பட்டு மாற்றுபவர்களும் உண்டு. கோப்பின் பெயரை 70 என்று தொடங்கினால் தீர்ந்தது.

யூஅக்சஸுக்கும் எல்லை உண்டு. யூனிக்ஸில் அனுமதி பார்க்கப்படுவது கோப்பைத் திறக்கும் நொடியில் மட்டும். முதல் பயனரின் நிரல் ஸ்கேனரைத் திறந்து வைத்திருக்கும்போது இரண்டாமவர் வந்து உட்கார்ந்தால், பட்டியலிலிருந்து முதல்வர் பெயர் போய்விடும், திறந்த கோப்பு அவர் நிரலின் கையிலேயே இருக்கும். திரையே இல்லாமல் அறை மூலையில் ஓடும் கணினிக்கோ, இரவில் தானாக ஓடும் சேவைக்கோ இது பயன்படாது. முன்னால் உட்கார யாரும் இல்லை. அங்கே குழுதான் சரி, அதுவும் அந்தச் சேவைக்கென்றே தனிக் குழு. யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் என்ற மென்பொருள் இதைச் சரியாகச் செய்கிறது: தனக்குத் தெரிந்த யூபிஎஸ் எண்களையெல்லாம் ஒரு விதிக் கோப்பில் வரிசையாக எழுதி, அவற்றை நட் என்ற குழுவுக்குக் கொடுத்துவிடுகிறது.

தயாரிப்பாளர் எண்களின் பட்டியலை இப்படி ஆயுளுக்கும் பராமரிக்காமல் தப்பிக்க ஒரு நல்ல உதாரணம், இணையக் கணக்குகளில் உள்நுழையும்போது செருகும் பாதுகாப்புச் சாவிகள். முன்பு ஒவ்வொரு நிறுவனத்தின் சாவிக்கும் ஒரு விதி வேண்டியிருந்தது. இப்போது சிஸ்டம்டி, செருகிய கருவி தன் விவரக்குறிப்பில் எஃப்1டி0 என்ற வகை எண்ணைச் சொல்கிறதா என்று பார்க்கிறது. அந்தச் சாவிகளுக்கான தரத்தின் பெயரான ஃபிடோ என்று வாசிக்கும்படியே தேர்ந்தெடுத்த எண். சொன்னால் யார் தயாரித்ததாக இருந்தாலும் யூஅக்சஸ்.

அனுமதி அல்லாத பிழைகள்

ஒரு கருவிக்கு ஒரு கோப்புதான் என்று நினைத்து ஏமாறுவதும் நடக்கும். சீரியல் மாற்றி ஒன்றைச் செருகினால் பஸ் அடைவில் ஒரு கோப்பு, டிடிஒய்யூஎஸ்பி0 என்று இன்னொன்று. விசைப்பலகை, மவுஸ் போன்ற ஹெச்ஐடி வகைக் கருவியானால் ஹெச்ஐடிரா என்று மூன்றாவது வகை. அது பிறக்கும்போதே ரூட்டுக்கு மட்டுமானது. நிரல் எதைத் திறக்கிறதோ அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்தது மற்றொன்றுக்குப் போகாது.

'கருவி வேலையாக இருக்கிறது' என்று வந்தால் அது வேறு பிரச்சினை. யாரோ ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறார்கள். சீரியல் போர்ட்டைக் கண்டதும் இது மோடமா என்று தட்டிப் பார்க்கும் மோடம்மேனேஜர் ஒரு வழக்கமான குற்றவாளி. உபுண்டு 22.04-இல் பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய், மலிவான சீரியல் சில் ஒன்றைப் பிரெயில் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொண்டு, டிடிஒய்யூஎஸ்பி0 கோப்பே மறையும்படி செய்தது. போர்டு தெரியவில்லை என்று பலர் அனுமதி விதிகளைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கருவிகள் ஒரே எண்ணைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இடையில் ஒருவரை நிறுத்துவது

பயனருக்குக் கோப்பையே காட்டாமல், ஒரு சேவையை நடுவில் வைப்பது இன்னொரு பதில். பென் டிரைவை மவுன்ட் செய்யும்போது அதுதான் நடக்கிறது. டிஸ்க் கோப்பைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை. நீங்கள் கேட்க, யூடிஸ்க்ஸ் சேவை, யாருக்கு எது அனுமதி என்று தீர்மானிக்கும் போல்கிட்டிடம் விசாரித்துவிட்டுச் செய்து கொடுக்கிறது. இதை அறியாமல் பயனரை டிஸ்க் குழுவில் சேர்ப்பவர்கள் அவருக்கு ரூட்டையே கொடுத்ததற்குச் சமம். கணினியின் மொத்த வட்டையும் அவர் நேரடியாக எழுதலாம்.

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னல்தான். அங்கேயும் இதே /டெவ்/பஸ்/யூஎஸ்பி கோப்புகள் உண்டு, எந்தச் செயலிக்கும் அவை திறக்காது. செயலி கேட்டால் திரையில் 'இந்தக் கருவியை அணுக அனுமதிக்கலாமா' என்று வருகிறது. சரி என்றால் இயங்குதளமே கோப்பைத் திறந்து, திறந்த கைப்பிடியைச் செயலியிடம் நீட்டுகிறது. பயனருக்குப் பதிலாக, இந்தச் செயலிக்கு, இந்தக் கருவிக்கு என்று அனுமதி சுருங்கிவிடுகிறது. யூஅக்சஸ் இந்த அளவுக்குப் போகாது. நீங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும், நீங்கள் அறியாமல் ஓடுவதும் சேர்த்து, கருவியைத் திறக்கலாம்.

மேசைக் கணினியிலும் அந்தப் பக்கமாக நகர்வு தொடங்கியிருக்கிறது. 2017-இல் குரோம் 61-உடன் வந்த வெப்யூஎஸ்பி, வலைப்பக்கம் கேட்கும் கருவியை நீங்களே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைக்கிறது. செயலிகளைத் தனிக் கூண்டில் அடைத்து ஓட்டும் ஃபிளாட்பேக்கின், 2025 ஜனவரியில் வந்த 1.16 பதிப்பு, எந்தெந்த யூஎஸ்பி கருவிகள் வேண்டும் என்று செயலி முன்கூட்டியே அறிவிக்க வழி செய்தது. போர்ட்டல் என்ற இடைத்தரகர் உங்களிடம் கேட்டுத் திறந்து கொடுக்கும். ஆனால் உலாவியும் சரி, போர்ட்டலும் சரி, ஓடுவது உங்கள் பெயரில்தான். நீங்கள் 'அனுமதி' பொத்தானை அழுத்திய பிறகு அவை போய்த் தட்டுவது அதே 001/007 கோப்பை. யூடெவ் விதி ஒன்று முன்பே அங்கே உங்கள் பெயரை எழுதி வைத்திருக்காவிட்டால், அவற்றுக்கும் கிடைப்பது அந்தப் பழைய 'அனுமதி மறுக்கப்பட்டது'தான்.